திரைக்குப் பின்னால் தேறிய தோழி

முன்னொரு காலத்தில் கொன்றை நாட்டை நெடுமீசையான் என்றொரு ராஜா ஆண்டார். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. முகஸ்துதிக்கு மட்டும் எந்நேரமும் காது நீளும். அந்நாட்டில் இளவரசிக்குப் பதினாறு வயதானால் சபையில் வெற்றிலை மாற்றி ஓர் உடன்தோழியை அமர்த்துவார்கள். அதன்பின் வேறு தோழிக்கு அரண்மனையில் இடமில்லை.

இளவரசி எழிலிக்கு யானைப்பாகன் மகள் பவளாயிதான் உயிர். ஆனால் எழிலி அப்பாவின் நிலைக்கண்ணாடியை உடைத்துவிட்டு, "பூனை தள்ளிவிட்டது" என்று சொல்லியிருந்தாள். பவளாயி அவளைத் தோட்டத்தில் பிடித்துக்கொண்டாள்.

"ஏடி, வாயில்லாப் பூனைமேல பழி போடுறியே! போய் உண்மையைச் சொல்லு. அதுவரைக்கும் என்னோட பேசாதே."

அந்தப் பக்கமாக வந்த விருத்தகிரி பிரபுவின் காதில் 'ஏடி' மட்டும் விழுந்தது. தன் மகள் மரகதவல்லியை உடன்தோழியாக்கத் துடித்தவர் அவர். ஓடினார் ராஜாவிடம்.

"மகாராஜா, பாகன் மகள் இளவரசியை 'ஏடி' போட்டு அதட்டுகிறாள்!"

"எதற்கு அதட்டினாய்?" என்று பவளாயியை வரவழைத்துக் கேட்டார் ராஜா. அவள் வாய் திறக்கவில்லை. எழிலியோ பயத்தில் தலைகுனிந்து நின்றாள்.

"நாளைக்கே குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போ! மரகதவல்லிதான் உடன்தோழி!"

மந்திரி கூத்தரசர் கைகூப்பினார். "அரசே, வெண்டைக்காயைக்கூட முனை ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். தோழியைச் சோதிக்க வேண்டாமா?"

ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. சம்மதித்தார்.

மறுநாள் எழிலியைச் சபையில் உட்காரவைத்து, "இளவரசியிடம் என்ன குறை?" என்று இருவரையும் கேட்டார் மந்திரி.

"நிலவுக்காவது களங்கம் உண்டு. இவருக்கு ஏது?" என்றாள் மரகதவல்லி.

"கோபம் முந்தும். தோத்தா ஆட்டத்தைக் கலைச்சிடுவா" என்றாள் பவளாயி. ராஜாவின் மீசை துடித்தது.

"அரசே, நீங்களும் இளவரசியும் சற்று இளைப்பாறுங்கள்" என்று கண்ணைக் காட்டினார் மந்திரி. இருவரும் வெளியேறுவதுபோல் போய்த் திரைக்குப் பின்னால் நின்றார்கள். மந்திரி அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

"இப்பச் சொல்லலாமா?" என்று சிரித்தாள் மரகதவல்லி. "அவள் பாடினால் தவளை தோற்கும். ராஜா மட்டும் என்ன? புகழ்ந்தால் பூம்பூம் மாடுமாதிரி தலையாட்டுவார் என்று அப்பாவே சொல்வார்!"

விருத்தகிரிக்கு வியர்த்தது. சட்டென்று அவரே குறுக்கிட்டுப் பேச்சை மாற்றினார். "பவளாயி, அன்றைக்கு எதற்கு அதட்டினாய்? சொன்னால் ராஜாவிடம் நான் பேசுகிறேன், நாட்டிலேயே இருக்கலாம்."

பவளாயிக்குக் கண் கலங்கியது. "அதை அவதான் சொல்லணும். அவ இல்லாதப்ப நான் சொல்லமாட்டேன். எங்க வீட்டில மூட்டை கட்டியாச்சு."

திரைக்குப் பின்னால் எழிலி அப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அப்பாவின் கோபம். திறக்காவிட்டால் பவளாயியே போய்விடுவாள். திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அப்பா, கண்ணாடியை உடைத்தது நான்தான். பூனை இல்லை. உண்மையைச் சொல்லச் சொல்லித்தான் இவள் அதட்டினாள். மன்னித்துவிடு, பவளாயி!"

பின்னாலேயே வந்தார் ராஜா. அவர் மீசையை முறுக்கி, கடகடவென்று சிரித்தார்.

"கண்ணாடி போனால் போகட்டும். முகத்துக்கு நேரே குறை சொல்லி, முதுகுக்குப் பின்னால் மானம் காக்கிறாளே, இவளல்லவா தோழி! கொண்டுவா வெற்றிலையை!"

வெற்றிலை மாறியது, முரசு முழங்கியது.

"விருத்தகிரி, இனித் தினமும் என் குறை ஒன்றை என் முகத்துக்கு நேரே சொல்லும்."

அவர் வாய் திறந்தது, மூடியது, சத்தம் வரவில்லை. சபை விழுந்து விழுந்து சிரித்தது.

"பவளாயி, நீயே தொடங்கி வை!"

"விசாரிக்காமத் தீர்ப்புச் சொல்றீங்க, மகாராஜா."

"சபாஷ்!" என்று தொடையைத் தட்டினார் ராஜா. "அடுத்தது?"