அளவுக்கோடு இல்லாத படம்

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கி அறைக்குள் போக வேண்டும். உள்ளே இருவர் இருந்தார்கள். பேராசிரியர் ரஹ்மத், அவரிடம் ஆய்வு செய்யும் ஜெசிந்தா.

வாசல் காவலர் ரஹ்மத்துக்குப் போன் செய்தார். "ஜெசிந்தாவோட அம்மா கீழே உட்கார்ந்திருக்காங்க மேடம். காலையில வந்தவங்க."

"வேலை இருக்குன்னு சொல்லிடுங்க மேடம்" என்றாள் ஜெசிந்தா.

அவள் எச்.ஐ.வி.யோடு பிறந்தவள். அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து அவளுக்கு. அவளுக்கு மூன்று வயதானபோதுதான் அம்மாவுக்கே அது தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டு இருபது வருடமாக நன்றாகத்தான் இருக்கிறாள். ஐந்து மாதம் முன்பு, இதனாலேயே அவள் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. அன்றிலிருந்து அம்மாவோடு பேசுவதில்லை. ரஹ்மத்துக்கு இதெல்லாம் தெரியும்.

திரையில் எச்.ஐ.வி. தொற்றிய ஒரு செல். உள்விளிம்பில் வைரஸின் புரதங்கள் ஒன்றுகூடி, செல்லின் தோலை மொட்டுபோல வெளியே தள்ளியிருந்தன. மொட்டுக்கும் செல்லுக்கும் நடுவே மெல்லிய கழுத்து.

"மேடம், இந்தக் கழுத்தை வைரஸால தானா அறுத்துக்க முடியாது. செல்தான் அறுத்து விடுது. தன் தோலையும் போத்தி விடுது. எதிரியை யாராவது இப்படி வழியனுப்புவாங்களா?"

"கோபம் யார் மேல?"

"செல் மேலதான்."

"செல் மேல கோபப்பட்டா பிஎச்.டி. முடிக்க முடியாதும்மா. கொஞ்சம் திரும்பிக்கோ."

ரஹ்மத் இன்னொரு படத்தையும் திறந்து, இரண்டையும் அருகருகே வைத்தார். வெள்ளைத் தாள்களால் திரையை மறைத்தார். மூலையில் அளவு காட்டும் கோட்டையும் விடவில்லை. இரண்டு கழுத்துகள் மட்டும் தெரிந்தன.

"இப்ப பாரு. ஒண்ணு வைரஸ் பிரியுற இடம். இன்னொண்ணு செல் ரெண்டாகி, மகள் செல் பிரியுற இடம். அறுக்கிறது ரெண்டுலயும் அதே புரதங்கள். எது எது?"

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அளவுக்கோட்டையும் மறைச்சிட்டீங்க. அது இல்லாம எப்படிச் சொல்றது?"

"செல்லுக்கு ஏதும்மா அளவுக்கோடு? அது தன் பிள்ளைன்னு நினைச்சுத்தான் போத்தி வழியனுப்புது."

போன் மறுபடி அடித்தது. ரஹ்மத் எடுக்கவில்லை.

ஜெசிந்தா எழுந்து போயிருந்தாள். கதவுக்கு வெளியே குனிந்து, தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.