ஏழாவது குறிப்பு

சரக்... சரக்... ஓலையோடு ஓலை உரசுகிற சத்தம். விளக்கணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆவுடை முதலில் எலி என்றுதான் நினைத்தாள். ஆனால் எலி நடுவில் நின்று, தூங்குகிறவர்கள் மூச்சைக் காதுகொடுத்துக் கேட்காது. இது கேட்டது. மார்போடு கிடந்த குழந்தை சிணுங்கிவிடுமோ என்று பயந்தபடியே அவள் தூங்குகிறவள்போல் மூச்சுவிட்டாள். கண்ணைத் திறக்கவில்லை. கடைசியில் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

இது நடந்தது மகுடவர்த்தனன் என்றொரு ராஜா நெடுங்கரை நாட்டை ஆண்ட காலத்தில். நல்ல ராஜாதான், ஆனால் நினைத்ததுதான் சட்டம். ஒருநாள் திடீரென்று, "கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு எனக்குத் தெரியாமல் என்ன ரகசியம்?" என்று கேட்டு, எல்லா வீட்டுக் கதவுகளிலும் உள்தாழ்ப்பாளைப் பிடுங்கிவிட்டான்.

அவனுக்கு ஒரே பைத்தியம் கட்டப்புதிர். சபையின் கல்தரையில் கட்டங்கள் செதுக்கியிருந்தார்கள். பௌர்ணமிதோறும் கட்டியக்காரன் குறிப்புகளை வாசிப்பான். விடையைக் கண்டவர் சுண்ணாம்புக்கட்டியால் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்ப வேண்டும். குறிப்பு எதையும் நேராகச் சொல்லாது. 'குடத்தின் தலைக்குப் பின்னால் அலை; ஏறினால் ஓடும்' என்று இருக்கும். குடத்தின் தலை 'கு', அலைக்கு இன்னொரு பெயர் 'திரை', சேர்த்தால் குதிரை.

இந்தப் புதிர்களைக் கட்டுபவள்தான் ஆவுடை. எல்லைக் காவலுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. கைக்குழந்தையோடு கோட்டைக்குள் தனி வீடு. விடையோலையைப் போட்டிக்கு முதல்நாளே எழுதி வீட்டு மாடத்தில் வைத்திருக்க வேண்டும், பிறகு மாற்றக்கூடாது என்பது வழக்கம். மூன்று பௌர்ணமியாக, போட்டிக்கு முந்தின இரவில் அந்தச் சத்தம். மூன்று பௌர்ணமியாக, முத்துமாலையை வென்றவர் சபைப் புலவர் பூவராகர்.

மூன்றாவது போட்டி முடிந்த மறுநாள் அவள் சபையில் போய் நின்றாள். "மகாராஜா, ராத்திரி என் வீட்டுக்குள் ஆள் வருகிறது. எனக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும்."

ராஜா சிரித்தான். "என் கோட்டைக்குள் திருடனா? ஓய் பூவராகரே, கேட்டீரா?"

"பிள்ளைபெற்ற பெண்களுக்குக் காற்றடித்தாலும் பயம், பிரபு. பச்சை உடம்பு பாருங்கள்" என்றார் பூவராகர். "தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே என்ன செய்யப்போகிறாளோ!"

சபை கொல்லென்று சிரித்தது. ஆவுடை தலைநிமிரவில்லை. "நிரூபித்தால் தருவீர்களா?" என்றாள்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அடுத்த பௌர்ணமிக்குள் நிரூபி. இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோட்டையை விட்டுப் போ."

யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள்? காவல்காரனிடம் சொன்னால், "கோட்டைக்குள்ளே யாரம்மா வரப்போறா?" என்றான். அவள் புதிரைக் கட்ட உட்கார்ந்தாள். போட்டிக்கு முந்தின இரவு சத்தம் வந்தது, போனது. அவள் குழந்தையின் முதுகில் கைவைத்தபடி அசையாமல் கிடந்தாள்.

பௌர்ணமியும் வந்தது. கட்டியக்காரன் குறிப்போலையைப் பிரித்து வாசித்தான். "ஒன்று... இரண்டு..." வாசிக்கும்போது யார் வாய்திறந்தாலும் போட்டியிலிருந்து விலக்கு. ஆறாவதை வாசித்ததும் அவன் ஒரு கணம் தடுமாறினான். பிறகு, "எட்டு" என்றான். மற்ற புலவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூவராகர் முத்துமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்து முடித்ததும் அவர் முதல் ஆளாக எழுந்தார். முதல் வரிசையில் ஆரம்பித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று மடமடவென்று எழுதிக்கொண்டே போனார். ஏழாவது வரிசையின் ஐந்து கட்டங்களையும் நிரப்பிவிட்டு எட்டாவதுக்கு நகர்ந்தார்.

"நிறுத்துங்கள் ஐயா" என்றாள் ஆவுடை. "ஏழாவது குறிப்பை எப்போது கேட்டீர்கள்?"

"எல்லாரும் கேட்டபோதுதான்."

"யாருமே கேட்கவில்லையே. நான் அதை எழுதவே இல்லை. விடை மட்டும் என் வீட்டு மாடத்து ஓலையில் இருந்தது."

கட்டியக்காரன் ஓலையை ராஜாவிடம் நீட்டினான். ஏழு இல்லை. பூவராகர் உதட்டை நனைத்துக்கொண்டார். "மேலிருந்து கீழே குறுக்கிடும் சொற்களின் எழுத்துகளை வைத்து ஊகித்தேன், பிரபு."

"அந்தச் சொற்கள் பதினோராம் குறிப்பிலிருந்துதான் ஆரம்பம், மகாராஜா. அதில் ஒன்றைக்கூட இன்னும் எழுதவில்லையே. புதிரை விடுவிக்கிறவர்கள் தெரிந்த இடத்தில் தொடங்கி, கிடைத்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்குமாகத் தாவுவார்கள். ஓலையைப் பார்த்துப் படியெடுக்கிறவர்தான் ஒன்றிலிருந்து வரிசையாகப் போவார்."

ராஜா கேட்டான்: "பூவராகரே, ஆறாவது விடை எப்படி வந்தது? வழியைச் சொல்லும்."

பூவராகர் கட்டத்தைப் பார்த்தார், கட்டியக்காரன் ஓலையைப் பார்த்தார். சுண்ணாம்புக்கட்டி கையிலிருந்து விழுந்து உடைந்தது.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்து, ஏழாவது வரிசையை எழுத்தெழுத்தாகப் படித்தான். 'தாழ்ப்பாள்' என்றிருந்தது.

"இதற்கு என்ன குறிப்பு வைத்திருந்தாய், அம்மா?"

"இதற்கு மட்டும் ஒளித்துச் சொல்ல மனம் வரவில்லை, மகாராஜா. 'இந்தக் கோட்டையில் எந்தக் கதவிலும் இல்லாதது.'"

சபையில் யாரும் சிரிக்கவில்லை. ராஜா நிமிர்ந்தான். "இவன் திருடினான். கதவைத் திறந்து வைத்தது நான்" என்றான். பிறகு பூவராகர் பக்கம் திரும்பினான். "ஓய், புலவர் பட்டம் இனி உமக்கில்லை. சுத்தியலை எடுத்துக்கொள்ளும். கோட்டைக்குள் எத்தனை கதவு உண்டோ அத்தனைக்கும் உம் கையாலேயே தாழ்ப்பாள் அடிக்க வேண்டும். முதலில் இவள் வீட்டுக்கு. காவல்காரன் கூடவே நிற்பான்."

முத்துமாலையை அவளிடம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவள் வீட்டில் எதுவும் இல்லை.

சாயங்காலத்துக்குள் அவள் வீட்டு வேலை முடிந்தது. இரண்டு தடவை கட்டைவிரலில் அடித்துக்கொண்ட பூவராகர், அவள் முகத்தைப் பார்க்காமல், "போதுமா அம்மா?" என்றார்.

ஆவுடை இழுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் ஆடுகிறது. இன்னும் ஓர் ஆணி அடியுங்கள்."

அடித்தார். அவரும் காவல்காரனும் வாசலைத் தாண்டித் தெருமுனையில் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.