அழக்கூடாத வீடு

அம்பலவாணனின் மகள் செத்துப்போனாள். ஏழு வயது. பெயர் கோமு. காய்ச்சல் வந்தது. பிள்ளையை எடுத்துக்கொண்டுதான் போனது.

அம்பலவாணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாறையடி மடத்து அம்மைக்கு மூத்த சீடர். வயதில் அம்மையைவிடப் பெரியவர். வெள்ளிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அம்மையின் உபதேசங்களை ஊருக்கு விளக்குவார். நன்றாகவே விளக்குவார். முடிந்ததும் சுண்டல் கொடுப்பார்கள்.

பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் வந்தார்கள். தாய் செண்பகவடிவைச் சுற்றி உட்கார்ந்து ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். அம்பலவாணனின் அக்காள் பிச்சம்மாள் ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தாள்.

அம்பலவாணன் கையை உயர்த்தினார்.

“நிறுத்து அக்கா. இந்த வீட்டில் யாரும் அழக்கூடாது. குழந்தை ஆண்டவன் காலடிக்குப் போயிருக்கிறாள். அவன் நம் பக்கத்திலேயே இருக்கிறான். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுவது, அவன் மேல் குறை சொல்வது.”

பெண்கள் நிறுத்திக்கொண்டார்கள். செண்பகவடிவின் வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் அதை மூடிக்கொண்டாள்.

இடுகாட்டிலிருந்து திரும்பும்போது பெரியவர்கள் மெச்சினார்கள்.

“பெற்ற பிள்ளையைக் குழிக்குள் வைத்துவிட்டுக் கண் கலங்காமல் வருகிறாரே. ஞானம் என்றால் இதுவல்லவா!”

அம்பலவாணன் தலையை ஆட்டி மறுத்தார். ரொம்பவும் மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் குழிமேட்டில் பால் தெளித்தார்கள். மறுநாள் காலையில் அவர் மடத்துக்கு வந்து நின்றார்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“சேதி வந்தது. உட்காரும்.”

அவர் உட்காரவில்லை.

“அம்மை, நீங்கள் வந்து என் மனைவிக்கு உபதேசம் செய்ய வேண்டும்.”

“அவளுக்கு என்ன?”

“அன்றிலிருந்து சாப்பிடவில்லை. தண்ணீரில் நாக்கை நனைக்கிறாள், அவ்வளவுதான். பேச்சு இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருக்கிறாள். வைத்தியர் நாடி பார்த்தார். இப்படியே போனால் இவளையும் தூக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.”

“அழுதாளா?”

“இல்லை. நான் விடவில்லை.” சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

கீரைத் தண்டு ஒடியும் சத்தம் நின்றது.

“விடவில்லையா?”

“தினமும் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வாக்கைத்தான் சொல்கிறேன். ‘துன்பத்தில் அவன் உன் பக்கத்தில் இருக்கிறான், கலங்காதே’ என்று. அவளுக்கு ஏறவில்லை. நேற்று...” தயங்கினார். “சொல்லவே கூசுகிறது.”

“சொல்லும்.”

“சாமி விளக்கை வாயால் ஊதி அணைத்துவிட்டாள். நான் மறுபடியும் ஏற்றினேன். எழுந்து வந்து மறுபடியும் ஊதினாள்.”

“எழுந்து வந்தாளா?”

“ஆமாம்.”

“தானாகவா?”

“தானாகத்தான். எவ்வளவு பெரிய அபசாரம் அம்மை!”

“நல்ல வேளை” என்றார் அம்மை. “இன்னும் உயிர் இருக்கிறது.”

அம்பலவாணன் விழித்தார்.

“அந்த ‘கலங்காதே’யை நான் எப்போது சொன்னேன்?”

“சித்திரை உபதேசத்தில்.”

“யாரிடம்?”

“எங்கள் எல்லாரிடமும்.”

“உபதேசத்துக்கு முன்னால் என்ன செய்தீர்கள்?”

அவர் யோசித்தார். “பந்தியில் சாப்பிட்டோம்.”

“என்ன போட்டார்கள்?”

“சர்க்கரைப் பொங்கல். வடை. அப்புறம்...”

“போதும். பொங்கலைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னது அது. அதைத் தூக்கிக்கொண்டு போய், பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாயில் அடைத்தீரா?”

முறத்தை ஒரு தள்ளு தள்ளினார். கீரை தரையில் சிதறியது.

“கிளம்பும்.”

வெயில் ஏறியிருந்தது. அம்மை முன்னால் நடந்தார். அம்பலவாணன் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். பாதி வழியில் வாயைத் திறந்தார்.

“அம்மை, எல்லாம் அவன் சித்தம் என்று அவளுக்கு நீங்கள் ஒரு வார்த்தை...”

“பேசாமல் வாரும்.”

வந்தார்.

அம்மை வருகிற சேதி அவர்களுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. உபதேசம் கேட்கத் தெருவில் கூட்டம். யாரோ ஜமக்காளம்கூட விரித்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் கும்பிட்டபடி எதிரே வந்தார்.

“இந்தத் துக்கத்தில் எங்களுக்கும் ஆறுதலாக நாலு வார்த்தை...”

“உமக்கு யார் செத்தார்கள்?”

பெரியவர் ஒதுங்கிக்கொண்டார்.

பிச்சம்மாள் நிலைப்படியில் நின்றாள். இடுப்பில் கை.

“வாங்க அம்மை. உங்க சீடன் எங்க வாயையெல்லாம் தைச்சு வச்சிருக்கான். தையல் சரியா விழுந்திருக்கான்னு பார்க்க வந்தீங்களா?”

“அக்கா!” என்றார் அம்பலவாணன்.

“நீ சும்மா இருலே. மாடு செத்தாக்கூட நாலு பேரு ஐயோங்காங்க. பெத்த பிள்ளைக்கு அழாத வீடு ஒரு வீடா?”

அம்மை கோபித்துக்கொள்ளவில்லை.

“வீட்டில் கஞ்சி இருக்கிறதா?”

“இருக்கு. யாரு குடிக்கா?”

“சுட வையும்.”

செண்பகவடிவு உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. அம்மை பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே கூட்டம் பொறுமையில்லாமல் இருமியது.

ரொம்ப நேரம் கழித்து அவளே கேட்டாள்.

“நீங்களும் சொல்ல வந்தீங்களா?”

“எதை?”

“பக்கத்துல இருக்கான்னு.”

“நீ என்ன நினைக்கிறாய்?”

“இருந்தா, கோமு மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடந்தப்போ கையைக் கட்டிக்கிட்டா இருந்தான்?”

“செண்பகம்!” வாசற்படியில் நின்ற அம்பலவாணன் அதட்டினார்.

அம்மை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீர் வெளியே போம்.”

போனார். முற்றம் வரைக்கும்.

“இதை அவனிடமே கேட்டாயா?” என்றார் அம்மை.

“கேட்கக் கூடாதாம்.”

“யார் சொன்னது?”

“நீங்க சொன்னதா இவங்க சொன்னாங்க.”

அம்மையின் முகம் சிவந்துவிட்டது.

“நான் அப்படிச் சொல்லியிருந்தால் என் நாக்கு அழுகிப்போகட்டும்.”

முடிந்திருந்த கொண்டையை அவிழ்த்துவிட்டார். செண்பகவடிவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். காவி கட்டியவர். உறவு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத குறையாக விட்டு வந்தவர். போன மாதம் மடத்துக்கு வந்த கோமு முன்பல் இல்லாமல் சிரித்தது அவருக்கு நினைவிருந்தது. ஒப்பாரியை எடுத்தார்.

“பால்பல்லு விழுந்த இடம்
பாதியும் முளைக்கலியே
பார்த்துக்கிட்டு நின்னியேடா
பரமசிவா, கண்ணிருக்கா?”

தெரு அதிர்ந்துபோனது.

“யார் குரல் அது? அம்மையா?”

“மடத்துக்காரி ஒப்பாரி வைக்கிறதா? என்ன கூத்து இது!”

“அம்பலவாணரே, போய் நிறுத்தும். ஊருக்கு ஆகாது.”

அம்பலவாணன் உள்ளே போகக் காலை எடுத்து வைத்தார். பிச்சம்மாள் கஞ்சிச் செம்போடு குறுக்கே நின்றாள்.

“உள்ள வந்தே, இந்தக் கஞ்சியைத் தலையில கொட்டிருவேன்.”

கொட்டக்கூடியவள்தான். நின்றுவிட்டார்.

செண்பகவடிவு கட்டை மாதிரி இருந்தாள். அம்மை அதே அடியை மறுபடியும் பாடினார். அவள் அசையவில்லை. இன்னொரு முறை பாடினார்.

“முளைச்சிருந்துச்சு” என்றாள் செண்பகவடிவு.

“என்ன?”

“பல்லு. பாதி முளைச்சிருந்துச்சு. நாக்கால தொட்டுத் தொட்டுப் பார்க்கும். அரிசி மாதிரி குத்துதும்மான்னு சொல்லும்.”

“எனக்கு அது தெரியாது. தப்பாகப் பாடிவிட்டேன். நீ சரியாகப் பாடு.”

“நானா?”

“உன் பிள்ளை. நீதான் பாட வேண்டும்.”

அவள் வாயைத் திறந்தாள். முதலில் வந்தது பாட்டு இல்லை. கன்றைத் தேடும் மாட்டின் சத்தம். அதற்குப் பிறகுதான் சொல் வந்தது.

“அரிசிபோலப் பல் முளைச்சு
அம்மான்னு காட்டுச்சே
அதுக்குள்ள பசிச்சுதாடா
ஆண்டவனே, உன் வயித்துக்கு?”

பிச்சம்மாள் செம்போடு உள்ளே ஓடினாள். தெருவில் நின்ற பெண்களும் ஓடினார்கள். ஜமக்காளத்தில் ஆண்கள் மட்டும் மிச்சம். வீடே ஒரு குரலாக ஆயிற்று.

செண்பகவடிவு அவனை விடவில்லை. குருடன் என்றாள். கல் என்றாள். திருடன் என்றாள். “உனக்கு ஒரு பிள்ளை இருந்தா தெரியும்டா” என்றாள். மூச்சு வாங்கிவிட்டு, “ரெண்டு இருக்கே பாவி! இருந்துமாடா?” என்றாள். மார்பில் அடித்துக்கொண்டாள். பிச்சம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மார்பில் அடித்துக்கொண்டாள்.

குரல் கம்மிப்போனது. அம்மை கஞ்சிச் செம்பை நீட்டினார்.

“வேண்டாம்.”

“தொண்டை வற்றிவிட்டது. இவ்வளவோடு விட்டுவிடப் போகிறாயா அவனை?”

செண்பகவடிவு செம்பைப் பார்த்தாள். வாங்கினாள். குடித்தாள். பாதிச் செம்புக்கு மேல் குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் ஆரம்பித்தாள்.

அம்மை எழுந்தார். கொண்டையை முடிந்தபடியே முற்றத்துக்கு வந்தார்.

அம்பலவாணன் காத்துக்கொண்டிருந்தார்.

“என்ன காரியம் செய்துவிட்டீர்கள் அம்மை? பதிகம் பாடிய வீடு இது.”

“கஞ்சி குடித்துவிட்டாள்.”

“அது சரி. ஆனால் ஆண்டவனை வாடா போடா என்கிறாள். குருடன் என்கிறாள். தெருவே கேட்கிறது.”

“நானும் கேட்டேன்.”

“இது நிந்தனை இல்லையா?”

“நிந்தனைதான்.”

“எல்லாரும் சேர்ந்து அவனைத் திட்டினால், அவன் பக்கம் பேச நான் ஒருவனாவது வேண்டாமா?”

“ஏன்? உமக்கு வக்காலத்து எழுதிக் கொடுத்தானா?”

அம்பலவாணன் தெருப் பக்கம் பார்த்தார்.

“அவன் வழக்கை அவன் பார்த்துக்கொள்வான். செத்தது யார் பிள்ளை?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“கேட்கிறேன் அல்லவா? செத்தது யார் பிள்ளை?”

“என் பிள்ளை. என் பிள்ளைதான் அம்மை. நான் என்ன மரமா? அவளுக்குச் சொன்னதையெல்லாம் எனக்கும்தான் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கிறான், பக்கத்தில் இருக்கிறான் என்று. ஒன்றும் இல்லை. கோமு படுத்திருந்த பாய்தான் பக்கத்தில் இருக்கிறது. அதைச் சுருட்டி வைக்கக்கூடக் கை வரவில்லை. மண்டபத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் இருக்கிறான் என்று சொன்னேனே, எனக்கு எங்கே இருக்கிறான்? எங்கே இருக்கிறான் அவன்? அதையாவது சொல்லித் தொலையுங்கள்!”

கத்திவிட்டார். அவர் கத்தி அந்த ஊர் கேட்டதில்லை. ஜமக்காளத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அம்மை வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

“உள்ளே. உம் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். போம். போய் உம் பங்கையும் கொடும்.”