நரி போட்ட ரோடும் கரடியின் மூக்கும்

ஆற்றோரக் காட்டிலிருந்து மேட்டுக்கு ரோடு போடும் வேலையை நரி எடுத்தது. ஒரு குவியல் ஜல்லிக்கு ஒரு மூட்டை தினை கூலி. "இருபது மூட்டையில் முடித்துவிடுவேன்!" என்றது.

இருபது குவியலை எண்ணிக் காட்டி, இருபது மூட்டையையும் வாங்கியது. கல்லைப் பரப்பினால் ரோடு பாதி தூரம்கூட வரவில்லை. மழையோ நெருங்கிவிட்டது. ரோடு இல்லாவிட்டால் வெள்ளத்தில் குட்டிகள் பிழைக்காது.

நரி யானைத் தலைவரிடம் ஓடியது.

"ஐயா, தரை இளக்கம். கல்லை விழுங்குகிறது! இன்னும் இருபது குவியல் போட்டு வைத்திருக்கிறேன். இருபது மூட்டை கொடுங்கள்!"

காட்டில் மீதியிருந்ததே அவ்வளவுதான். கொடுத்துவிட்டால் மழைக்காலம் முழுக்கப் பட்டினி.

கிழக் கரடிக்கு நரிமேல் பழைய வஞ்சம். "எண்ணத் தெரியாதவனுக்குச் சபையில் என்ன பேச்சு?" என்று நரி ஒருமுறை அதைப் பார்த்துக் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அன்று பட்ட சூடு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் காலையில் கரடி கரையான் தேடிப் போனது. ரோட்டோரம் வழக்கமாகத் தோண்டும் புற்று ஒன்றையும் காணோம். அவை இருந்த இடத்திலெல்லாம் ஜல்லிக் குவியல்!

கரடி நேரே சபைக்கு நடந்தது.

"தலைவரே, நரி காட்டும் குவியல் முழுக்கக் கல் இல்லை. உள்ளே புற்று!"

"பொறாமை பிடித்த கிழவா! பொய் என்றால் காட்டை விட்டுப் போவாயா?" என்று நரி சீறியது.

"போகிறேன்டா! வா, பார்க்கலாம்!"

எல்லோரும் போனார்கள். கரடி ஒரு குவியலைக் கையால் ஒதுக்கியது. மேலே ஒரு சாண் கல், உள்ளே செம்மண். மூக்கை நுழைத்து 'உர்ர்ர்' என்று உறிஞ்சியது. மூக்கு நிறையக் கரையான்!

"நரியண்ணே, கல்லு கரையான் ஈனுமா?" என்று குரங்கு கேட்டது. காடே சிரித்தது.

யானை மற்றக் குவியல்களையும் எட்டி உதைத்தது. எல்லாவற்றிலும் புற்று.

"வாங்கிய கூலிக்கே ரோட்டை முடி! இனி அளவு பார்ப்பது கரடி!" என்றது.

"சமதரையில் கொட்டு! நான் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் பரப்ப வேண்டும்!" என்றது கரடி.

"பழசை மறந்துவிடக்கூடாதா, கரடியண்ணே?"

"மறப்பதா? அடுத்த குவியலைக் காட்டு!"

ஒரு பிடி தினைகூட அதிகம் ஆகாமல் ரோடு முடிந்தது. வெள்ளம் வந்தபோது மான்குட்டிகள் காலில் சேறு படாமல் மேடேறின. கரடி உச்சியில் நெஞ்சை நிமிர்த்தி நின்று பார்த்தது.

ஊர்ப் பொருளில் நடக்கும் வேலையை மேலோட்டமாக எண்ணாமல் உள்ளே கைவிட்டு அளந்தால்தான் செலவு எல்லை மீறாது.