அக்காவுக்குப் பாய் மாற்றிய நாள்

பாய் என்று தமிழில் மூன்று உண்டு. படுக்க விரிப்பது ஒன்று. காற்றுக்கு விரிப்பது ஒன்று. மூன்றாவது, உப்பளத்து ஊரின் கடைத்தெருவில் கோரைப்பாய் விற்ற நெய்னா முகம்மது பாய்.

இந்தக் கதையில் மூன்றும் வருகின்றன. நடுவில் ஒன்று இன்னொன்றாக மாறிவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நெய்னா பாயின் முன்னோர் பாய்க்கப்பல் ஓட்டி மலாக்கா வரை போனவர்கள். அவருக்கோ கடல் ஆகாது. காலண்டரில் அலைப் படம் இருந்தால் அந்த மாதம் முழுக்கத் தலை சுற்றும்.

"அவங்க தண்ணியில விரிச்சாங்க, நான் தரையில விரிக்கிறேன். பரம்பரைத் தொழிலை விட்டுடலை," என்பார்.

பாய் வாங்க வந்தவர்கள் கூடவே அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்டுக்கொண்டு போவார்கள். சிலர் வார்த்தையை மட்டும் கேட்டுக்கொண்டு பாய் வாங்காமலே போகிறார்கள் என்று அவர் மனைவி பாத்துமுத்துவுக்கு வருத்தம்.

அவருக்குச் சீடர் ஒருவர்தான். வைரக்கண்ணு. பஸ் டிப்போ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். ஆகவே குரு சீடரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்.

சாயங்காலமானால் சீடர் வந்து, அடுக்கிய பாய்களின் மேல் உட்கார்ந்து, கேள்வி கேட்பார்.

"பாய், கடவுள் எங்க இருக்கார்?"

"நீங்க உக்காந்திருக்கிற எடத்துல இல்லண்ணே. எந்திரிங்க, அது வித்த பாய்."

வைரக்கண்ணு எழுந்து நிற்பார். அன்றைய பாடம் அதோடு முடிந்துவிடும்.

ஒரு நாள் வைரக்கண்ணு கேள்வி இல்லாமல் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாய், படகு வாங்கிட்டேன்."

"எதுக்குண்ணே?"

"அக்காவுக்கு."

அது ஒரு பழைய பாய்மரப் படகு. எந்த நாட்டுக்காரரோ ஒருவர், நினைத்த ஊருக்கு ஜீப்பில் கட்டி இழுத்துப் போகலாம் என்று, சக்கரம் வைத்த டிரெய்லரோடு வாங்கி, ஒரு தென்னந்தோப்பில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் அறைக்குள் ஒரு கோழி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. படகு வைரக்கண்ணுவின் கொல்லைக்கு வந்தபோது கோழியும் வந்தது. வழியில் ஒரு முட்டையும் இட்டதாகச் சொல்கிறார்கள்.

அக்காவின் பெயர் தையல்நாயகி. தாயில்லாத வைரக்கண்ணுவை வளர்த்தவள் அவள்தான். சின்ன வயதில் தம்பியைத் தென்னை மட்டையில் உட்காரவைத்துத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு ஓடுவாள். "கப்பல் வருது, வழி விடு!" என்று கத்துவாள். மட்டையில் இருந்தபடி தம்பி ஒரு வாக்குக் கொடுத்திருந்தான்.

"நான் பெரியவனாகி உன்னை நெசக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்க்கா."

"பாய் கட்டினதா?"

"பாய் கட்டினது."

தம்பி பெரியவனானான். கல்யாணம், வேலை, பிள்ளைகளின் படிப்பு, மனைவியின் சாவு எல்லாம் ஆயிற்று. கப்பல் மட்டும் நின்றுபோனது. இப்போது அக்கா பாயோடு பாயாகக் கிடந்தாள். இனி எழுதித்தர மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வைரக்கண்ணு விடிந்ததும் கொல்லைக்குப் போனார். இருட்டியதும் வீட்டுக்குள் வந்தார். டிரெய்லர் அவருக்குத் தெரிந்த சங்கதி. அச்சைக் கழற்றி, துரு எடுத்து, கிரீஸ் வைத்து, டயர் மாற்றினார். ஒரு விரலால் தள்ளினால் உருண்டது. வளைந்த பாய்மரத்தை நிமிர்த்தி நட்டார். பழைய மூட்டைக்குள் கிடந்த பாயைச் சோப்புப் போட்டு அலசி, வெள்ளை வெளேரென்று மடித்து, பீரோவில் பூட்டி வைத்தார்.

படகின் வயிறுதான் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் ஒன்று சிரித்தது. படகு சாயாமலிருக்கத் தண்ணீருக்குள் இறக்குகிற இரும்புப் பலகை துருவேறி, இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. தையில் முடியும் என்றார். பிறகு சித்திரை என்றார். ஆனியும் போயிற்று.

"பாய், வேலை முடியறதுக்குள்ள அக்கா போயிடுமா?"

நெய்னா பாய் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அக்கா இன்னிக்கு என்ன சாப்பிட்டாங்க?"

"தெரியல பாய். எதிர்வீட்டுப் பொண்ணு பாத்துக்குது. அந்த இரும்புப் பலகைக்கு மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வச்சிருக்கேன்."

மறுநாளும் அதையே கேட்டார்.

"அக்கா என்ன சாப்பிட்டாங்க?"

"கேக்கலை பாய். அடியில இன்னொரு விரிசல் கண்டுபிடிச்சேன்."

அதற்கு மறுநாள் நெய்னா பாய் கேட்கவில்லை. கடையைப் பாத்துமுத்துவிடம் விட்டுவிட்டு, இரண்டு கோரைப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"யாருக்கு?" என்றாள் பாத்துமுத்து.

"கடலுக்கு."

"கடல் எப்ப காசு குடுத்துச்சு?"

வைரக்கண்ணு கொல்லையில் படகின் அடியில் படுத்து, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நெய்னா பாய் அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"வாங்கண்ணே. அக்காவுக்குப் பாய் மாத்தணும்."

உள்ளே அக்கா கண்ணை மூடியபடி கிடந்தாள். அவள் அடியில் இருந்த பாய் நடுவில் நைந்து, தரை தெரிந்தது. காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"வாங்க பாய். கொல்லையில ஆறு மாசமா சுரண்டுற சத்தம் கேக்குது. எலியா, தம்பியான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"தம்பிதான்க்கா. எலின்னா இந்நேரம் முடிச்சிருக்கும்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. வைரக்கண்ணு வாசற்படியிலேயே நின்றார்.

"அண்ணே, பீரோவைத் திறங்க."

"எதுக்கு பாய்?"

"பாய் மாத்த."

"பாய் ஒங்க தோள்லதான இருக்கு."

"இது வேற வேலைக்கு. உள்ள இருக்கிறதை எடுங்க."

வைரக்கண்ணுவுக்குப் புரிந்தது.

"பாய், அது கப்பல் பாய்."

"பாய்னா விரிக்கத்தானே?"

"அழுக்காயிடும்."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"ஆமா பாய், அழுக்காயிடும். நான் இதுலயே கிடக்கிறேன்," என்றாள் அக்கா. "பாவம், எவ்வளவு ஆசையா தொவைச்சு வச்சிருக்கானோ என்னவோ."

வைரக்கண்ணு சாவியை எடுக்கப் போனார். பீரோவைத் திறந்து பாயை எடுத்துவந்தார்.

வெள்ளைப் பாயை நாலாக மடித்து அக்காவுக்கு அடியில் விரித்தார்கள். அக்கா கையால் தடவிப் பார்த்தாள்.

"என்னடா இது, வழுவழுன்னு?"

"கப்பல் பாய்க்கா."

"பாய் வந்துடுச்சு. கப்பல் எங்க?"

வைரக்கண்ணு தலை குனிந்தார்.

"கொல்லையில நிக்குதுக்கா. முடிச்சுட்டுக் காட்டலாம்னு இருந்தேன். இன்னும் முடியலை."

"நானுந்தான் இன்னும் முடியலை," என்றாள் அக்கா. "காட்டு."

குரு தலைப்பக்கம் பாயின் இரண்டு முனையைப் பிடித்தார். சீடர் கால்பக்கம் இரண்டு முனையைப் பிடித்தார். எதிர்வீட்டிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் தூக்கினார்கள். வேண்டியிருக்கவில்லை.

அதுதான் வைரக்கண்ணுவுக்குத் தாங்கவில்லை. வெறும் பாயைத் தூக்குகிற மாதிரி இருந்தது.

படகில் அக்காவை ஏற்றித் தலைக்கு உயரமாக வைத்துப் படுக்கவைத்தார்கள். கோழி நகர்ந்து இடம் கொடுத்தது. கொல்லைப் படலுக்கு அந்தப் பக்கம் உப்புத் திடல். மழைக்காலத்தில் சேறு. ஆடி மாதத்தில் காய்ந்து, சிமெண்டுத் தரை மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் வெளுத்துக் கிடக்கும்.

"பாய், ஓட்டை இருக்கு. தண்ணியில இறக்கினா முங்கிடும்."

"தண்ணியை யாருண்ணே கேட்டா? படலைத் திறங்க."

பாய்மரத்தில் கட்ட வேண்டிய பாய் அக்காவின் அடியில் இருந்தது. ஆகவே அக்காவுக்கு வந்த கோரைப்பாய்கள் இரண்டும் மரத்தில் ஏறின. துணி காயப்போடுகிற கயிறுதான் கட்டு. நெய்னா பாய்க்குப் பாயைச் சுருட்டிக் கட்டத்தான் தெரியும். விரித்துக் கட்டுவதற்குள் வேர்த்துவிட்டது.

அந்த வருஷத்து ஆடிக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கே இருந்து அடித்தது. ஓட்டு வீட்டுக் கூரையில் ஏறி நின்ற ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கி அடுத்த ஊரில் இறக்கியது. குட்டிக்கு அந்த ஊர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டது. இதற்குச் சாட்சி உண்டு. அந்த ஆடு.

வைரக்கண்ணு பின்னால் நின்று தள்ளினார். நெய்னா பாய் டிரெய்லரின் முன்கம்பியைப் பிடித்துத் திசை காட்டினார். சக்கரம் படலைத் தாண்டியது. திடலில் இறங்கியது. கோரைப்பாய் ஒருமுறை படபடத்து, பிறகு வயிறு உப்பி நின்றது.

தள்ளிக்கொண்டே இருந்த வைரக்கண்ணுவுக்குச் சட்டென்று கையில் பாரம் இல்லை. படகு அவர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"பாய்! ஓடுது பாய்!"

"தெரியுதுண்ணே! நானுந்தான் ஓடறேன்!"

படகுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. இருமல் இல்லை. கம்மல் இல்லை. தெருவையே ஒதுங்கவைத்த பழைய குரல்.

"கப்பல் வருது, வழி விடு!"

திடலில் மேய்ந்த ஆடுகள் வழி விட்டன. உப்பு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வழி விட்டார்கள். தூரத்து ரோட்டில் போன பஸ், அது எந்தப் பக்கம் வருமோ என்று நின்றேவிட்டது.

"தம்பி, ஏறுடா!"

"வேணாம்க்கா! பாரம் ஆயிடும்!"

"நீ எனக்கு என்னிக்குடா பாரமா இருந்தே? ஏறு!"

வைரக்கண்ணு ஓடிவந்து தொற்றி ஏறினார். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முடி இவ்வளவு குறைந்திருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தார். காற்றில் அது அவர் கன்னத்தில் பட்டது. மண்ணெண்ணெய் நாற்றம் வீசிய கையால் அதை ஒதுக்கினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"பாய் கட்டினதுதானே?" என்றாள்.

"பாய் கட்டினதுதான்க்கா."

முன்கம்பியைப் பிடித்து ஓடிய நெய்னா பாய், பாதி வழியில் வாந்தி எடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் கடல் மயக்கம் கண்ட மனிதர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

உப்பள வரப்பு வரை போனார்கள். அங்கே கோரைப்பாய் இரண்டும் கிழிந்தன. கப்பல் தானாக நின்றது. அக்கா தூங்கிப்போயிருந்தாள். ஓர் உப்பு லாரி வந்து, அவள் விழிக்காதபடி மெதுவாக வீட்டுக்கு இழுத்துவந்து விட்டது.

அடுத்த நாள் வைரக்கண்ணு கடைக்கு வர நேரமாயிற்று. பாத்துமுத்து கிழிந்த பாய்களை உயர்த்திக் காட்டினாள்.

"பாத்தீங்களா அண்ணே, இவரு கடல்ல பண்ணின வியாபாரத்தை?"

வைரக்கண்ணு சிரித்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்தார்.

"அக்கா என்ன சாப்பிட்டாங்க?" என்றார் நெய்னா பாய்.

"ரெண்டு இட்லி. ஒண்ணரைதான் எறங்குச்சு. தேங்காய்ச் சட்னி வேணாம்னுடுச்சு, சீனி தொட்டுத் தரச் சொல்லுச்சு. மிச்ச அரையை எனக்கு ஊட்டிச்சு. அப்பறம் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிடுச்சு. அதான் வர நேரமாயிடுச்சு."

நெய்னா பாய் தலையாட்டினார்.

வைரக்கண்ணு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"பாய், மனசுல ஒண்ணு உறுத்துது. நெசக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்னுதானே வாக்குக் குடுத்தேன். அது வெறும் உப்புத் திடல். கடலே இல்லையே. நான் அக்காவை ஏமாத்திட்டேனா?"

"கடல் இல்லாமயா எனக்கு வாந்தி வந்துச்சு?"

வைரக்கண்ணு சிரிக்கவில்லை. பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெய்னா பாய் கிழிந்த பாயை வாங்கி, மெல்லச் சுருட்டத் தொடங்கினார்.

"அண்ணே," என்றார். "ஒங்க அக்கா ஒங்களை வச்சு இழுத்த மட்டை, எந்தக் கடல்ல மிதந்துச்சு?"