முதுகு காட்டி ஏறியவர்

வெண்பாறை மலைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். உச்சியில் ஓட்டுக்கூரை வேய்ந்த சின்னக் கோயிலில், தேரும் திருவிழாவும் இல்லாமல், வெண்பாறைநாதர் எழுந்தருளியிருக்கிறார். பத்து மணிப் பூசைக்கு மலையேறும் யாரும் அந்தப் படிகளில் ஒரு சருகை மிதித்ததில்லை. நாள் தவறாமல் அவற்றைப் பெருக்கி வைத்தவர் பாவாத்தாள் என்னும் அம்மையார். அவர் பெருக்குவதைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. கூட்டம் வருவதற்குள் வேலையை முடித்து, அடிவாரத்து வேப்பமரத்தின் கீழ் உட்கார்ந்து, தென்னங்கீற்றைக் கிழித்து ஈர்க்கு எடுத்துக்கொண்டிருப்பார். மறுநாள் பெருக்கும் சீமாற்றுக்கு அது.

இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவருடைய கால்கள் இரண்டையும் முழங்காலுக்குக் கீழே சூம்ப வைத்துவிட்டது. பன்னிரண்டு வயது வரை தாயார் இடுப்பில் சுமந்து மலைக்குக் கொண்டுபோனார். ஒருநாள் பாதி வழியில் தாயாருக்கு மூச்சு வாங்கியது.

"என்னை இறக்கி உடம்மா. நானா வாறேன்."

"எப்படிடி வருவே?"

"வந்த பொறவு பாரு."

அன்று கண்டுகொண்ட வழிதான் முப்பத்து நான்கு ஆண்டுகளாக அவருடைய வழி. கைப்பிடிச் சுவரோரமாகப் படியில் உட்காருவார். இரண்டு கைகளையும் பின்னால் மேற்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி அந்தப் படியில் வைப்பார். பிறகு அதற்கடுத்த படி. விடிகாலை நாலரைக்குப் புறப்பட்டால், பூசை செய்யும் பண்டாரம் ஏழு மணிக்கு நடை திறக்கும்போது வாசலில் இருப்பார். கும்பிட்டு முடித்ததும் சீமாற்றை எடுப்பார். காலுக்குக் கீழே இருக்கும் படியைப் பெருக்குவார், அதில் இறங்கி உட்காருவார், அடுத்ததைப் பெருக்குவார். அடிவாரம் வந்து சேரும்போது ஒன்பது ஆகியிருக்கும்.

இப்படி ஏறினால் முகம் ஊர்ப்பக்கம் இருக்கும், முதுகு சாமிப்பக்கம் இருக்கும். அடிவாரத்தில் தேங்காய்க் கடை போட்டிருந்த ராக்கியப்பனுக்கு இது நல்ல வேடிக்கை.

"ஊரே சாமி மூஞ்சியப் பாத்து ஏறுது. நீ ஒருத்திதான் முதுகக் காட்டிக்கிட்டுப் போற. அய்யனுக்குக் கோவம் வராதா பாவாத்தா?"

"பெத்தவனுக்குப் புள்ளை முதுகு தெரியாதுங்களா? பின்னால நின்னு பாத்தாலே இன்னாருன்னு சொல்லீருவான்," என்பார் அம்மையார். சொல்லிவிட்டு ஈர்க்கைச் சீவத் தொடங்கிவிடுவார்.

தாயார் போன பிறகு தம்பி நல்லமுத்துவின் வீட்டில்தான் சோறு. தம்பி வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆவணி பிறந்ததும் பெண்டு பிள்ளைகளோடு போயாக வேண்டும்.

"நீயும் வாக்கா. உன்னைத் தனியா எப்படி உட்டுட்டுப் போறது?"

"அங்க மலை இருக்குதா கண்ணு?"

"மாடி இருக்குது. மூணாவது மாடியிலதான் ரூம்பு."

அம்மையார் சிரித்தார். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவிடம் மாற்றுத்திறனாளி அட்டை இருந்தது, எழுபத்தைந்து சதவீதம் என்று டாக்டர் எழுதியது. அதை வைத்து மாத உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தம்பி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "அந்தப் பணம் வந்தா நீ இங்கயே இரு, அரிசிக்கு ஆச்சு. வரலைன்னா என்னோட கிளம்பு. பட்டினியா உட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது."

ஆக, அம்மையாருக்கு அந்தத் தொகை சோற்றுக்கு மட்டும் அல்ல. அது கிடைத்தால் மலை உண்டு. இல்லாவிட்டால் மலை இல்லை.

விண்ணப்பம் தாலுகா ஆபீசுக்குப் போயிற்று. விசாரிக்க மணியகாரர் வந்தார். கிராம நிர்வாக அலுவலரை அந்தப் பக்கத்தில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவசரத்தில் இருந்த மனிதர், வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்.

"ஏதாச்சும் வேலை செய்யறீங்களா?"

அம்மையாரைப் பார்த்து இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"செய்யாம இருப்பனுங்களா? முந்நூத்திப் பன்னண்டு படியும் நாந்தானுங்க பெருக்கறேன். ஒரு நாள் தப்பினதில்லீங்க."

மணியகாரர் மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். எழுதிக்கொண்டார். போய்விட்டார்.

இருபது நாள் கழித்து உத்தரவு வந்தது. தம்பி வாசித்தார். நாள்தோறும் மலைப்படிகள் முழுவதையும் ஏறிப் பெருக்கும் அளவுக்கு மனுதாரர் உடல் திறன் பெற்றிருப்பதாக விசாரணையில் தெரியவருவதால், அவரது கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

"உன்னை யாருக்கா படியப் பத்திப் பேசச் சொன்னது?" என்றார் தம்பி, காகிதத்தை மடிக்கவும் தோன்றாமல்.

"வேலை செய்யறயான்னு கேட்டாரு. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

செய்தி அடிவாரத்துக்கும் வந்தது. ராக்கியப்பன் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பாத்தயா, இத்தன வருசம் பெருக்குனதுக்கு உன்ற அய்யன் குடுத்த கூலிய."

"கூலிக்குப் பெருக்குனாத்தானுங்களே குறைச்சலா நிறைச்சலான்னு பாக்கோணும்," என்றார் அம்மையார். "எழுதுனவருக்குச் சரியாத் தெரியலை. தெரிய வெச்சாப் போச்சு."

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர் தாவூத் பாய். நாற்பது வருடமாக ஊராரின் கஷ்டங்களை இரண்டு பக்கத்துக்குள் அடக்கியவர். தம்பி அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார வைத்தார். பாய் உத்தரவை இரண்டு தடவை படித்தார்.

"இதுக்கு மேல கோட்டாட்சியர் இருக்காங்க. முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு போட்டுரலாம். சுலபம்தான் அம்மிணி. 'நான் படி பெருக்குவதில்லை, வேறு ஆள் பெருக்குகிறார், விசாரணையில் தவறுதலாக எழுதப்பட்டது'ன்னு மூணு வரி. விசாரணை முடியற வரைக்கும் நீங்க மலைப்பக்கம் போகாம இருங்க. ஒரு மாசம்தான். அப்புறம் உங்க சாமி, உங்க படி."

"அப்படி எழுதிருங்க பாய்," என்றார் தம்பி.

"வேண்டாமுங்க," என்றார் அம்மையார்.

"அக்கா, ஒரு மாசம்."

"எந்தப் படிக்காக இங்க இருக்கோணும்னு கேக்கறனோ, அந்தப் படியையே எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுக்கவா? அப்படிக் கெடைச்ச சோத்தைத் தின்னுபோட்டு எந்த மூஞ்சியோட மேல போவேன்?" பிறகு பாயிடம் திரும்பினார். "படி பெருக்கறேன்னே எழுதுங்க. எப்படிப் பெருக்கறேன்னு ஒருத்தரும் கேக்கலைன்னு எழுதுங்க. போதும்."

தாவூத் பாய் பேனாவின் மூடியைக் கழற்றினார். அம்மையார் சொன்னபடியே எழுதினார். நாற்பது வருடத்தில் அவர் எழுதிய மிகச் சிறிய மனு அதுவாகத்தான் இருக்கும்.

விசாரணை நாளில் கோட்டாட்சியராக இருந்தவர் ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மனுவைப் படித்தார். பக்கத்தில் நின்ற உதவியாளர் மணியகாரரின் அறிக்கையை எடுத்து நீட்டினார்.

"அறிக்கை உங்களுக்கு எதிரா இருக்கும்மா. நீங்களும் ஏறறேன்னே எழுதிக் குடுத்திருக்கீங்க. நேராச் சொல்லுங்க. உங்களால மலை ஏற முடியுமா, முடியாதா?"

"முடியாதுங்க. ஆனா ஏறீருவனுங்க."

உதவியாளர் சிரித்துவிட்டார். கோட்டாட்சியர் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு வந்து பாக்கறேன்," என்று மனுவின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை ஆடி மாதத்தின் கடைசி வாரத்தில் வந்தது. ஆடியில் அந்தப் பக்கம் காற்றுதான் அடிக்கும், மழைக்கு வேலை இல்லை. ஆனால் அன்று விடிகாலை நாலு மணிக்கெல்லாம் பிடித்துக்கொண்டது மழை. தம்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு ஒரு நாள் கீழயே உக்காந்திரு. அந்தம்மா வந்து உன்ற காலைப் பாத்தாப் போதும். ஏறறதையே பாத்துட்டாங்கன்னா எல்லாம் முடிஞ்சுது."

"அவிய ஒன்பது மணிக்கு வருவாங்க. அதுக்காக அய்யன் ஏழு மணியிலிருந்து காத்துக்கிட்டு இருக்கோணுமா? நகரு கண்ணு."

நனைந்த படிகளில் கை வழுக்கியது. நூறாவது படியில் உள்ளங்கை கிழிந்தது. முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார். வழக்கமாக ஏழு மணிக்குச் சேருபவர் அன்று எட்டரைக்குத்தான் சேர்ந்தார். கும்பிட்டார். சீமாற்றை எடுத்தார்.

கோட்டாட்சியர் ஒன்பது மணிக்கு அடிவாரத்தில் ஜீப்பை விட்டு இறங்கியபோது மழை விட்டு, வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. மணியகாரர் குடையோடு வந்திருந்தார். எல்லாரும் படியேறத் தொடங்கினார்கள். பத்துப் படி போயிருக்க மாட்டார்கள், கோட்டாட்சியர் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

கைப்பிடிச் சுவரோரமாக, படியின் ஒரு மூலையில், தண்ணீர் தேங்கி நின்றது. தாம்பாளம் அளவு வட்டமாக, ஒரு விரல் ஆழம். மேலே பார்த்தார். அடுத்த படியிலும் அதே மூலையில், அதே அளவு தண்ணீர். அதற்கடுத்த படியிலும். ஆட்கள் நடந்து ஏறும் நடுப்பக்கமெல்லாம் தண்ணீர் வடிந்து காய்ந்துகொண்டிருந்தது. சுவரோரத்தில் மட்டும், கண்ணுக்கு எட்டிய வரை, படிக்கு ஒன்றாக வானம் மின்னிக்கொண்டிருந்தது.

கோட்டாட்சியர் குனிந்து தண்ணீருக்குள் கைவைத்துப் பார்த்தார். கல் குழிந்திருந்தது. குழிக்கு இரண்டு பக்கமும், உள்ளங்கை பதியும் அளவுக்கு, இன்னும் இரண்டு சின்னக் குழிகள்.

அவர் நடுப்பக்கமாக நகர்ந்துகொண்டார். குழிகளை மிதிக்காமல் ஏறினார். நூற்றுத் தொண்ணூறாவது படிக்கு வந்தபோது மேலிருந்து அம்மையார் இறங்கிவந்துகொண்டிருந்தார். ஒரு படியைப் பெருக்கினார். கையை ஊன்றி, தேங்கிய தண்ணீரில் அப்படியே இறங்கி உட்கார்ந்தார். அந்தக் குழி அவர் உட்காருவதற்கென்றே செதுக்கியதுபோல் இருந்தது. அப்போதுதான் எதிரே நிற்பவர்களைக் கண்டார்.

"வந்துட்டீங்களா அம்மா? இன்னும் நூத்தித் தொண்ணூறு படி இருக்குதுங்க. முடிச்சுட்டு வந்தரட்டுங்களா?"

கோட்டாட்சியர் படியைக் காட்டினார். "இந்தக் குழியெல்லாம் எத்தனை வருசமா இருக்கு?" என்று கேட்டார்.

"எந்தக் குழிங்க?"

அம்மையாருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அவர் எப்போதும் அதன்மேல் அல்லவா உட்கார்ந்திருந்தார். காய்ந்த நாளில் மற்றவர் கண்ணுக்கும் அது தென்பட்டதில்லை, மழை நாளில் அந்த ஓரத்தை யாரும் உற்றுப் பார்த்ததுமில்லை. சத்தம் கேட்டு மேலிருந்து இறங்கிவந்த பண்டாரம்தான் அந்தப் படியைத் தடவிப் பார்த்தார்.

"இது கருங்கல்லுங்கம்மா. உளி போட்டாலே தெறிக்கும். சேலை உரசித் தேயற கல்லு இல்லீங்க இது. அய்யன் இடம் குடுத்திருக்கான்."

மணியகாரர் குடையை மடக்கிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "நான் அன்னிக்கு வண்டியை விட்டு இறங்கலைங்கம்மா," என்றார் கோட்டாட்சியரிடம். பிறகு அம்மையாரிடமும் அதையே சொன்னார்.

ஆவணி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு உத்தரவு வந்தது. தம்பி அதைப் பிரிக்காமலே, அக்காவோடு தாவூத் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பாய் உரக்கப் படித்தார்.

"மேல்முறையீட்டாளர் மலைப்படிகளைப் பெருக்கி வருவது உண்மை. அது அவரது உடல் திறனால் நடைபெறுகிறது எனக் கருத முகாந்திரம் இல்லை. நேரில் கண்டறியப்பட்டது. உதவித்தொகை வழங்க உத்தரவிடப்படுகிறது."

"அவ்வளவுதானுங்களா?" என்றார் அம்மையார். "என்ற உடம்புல திறன் இல்லைன்னு சரியாத்தான் எழுதியிருக்காங்க. அப்பறம் யாரு ஏத்தறதுன்னு எழுதலீங்களா?"

தாவூத் பாய் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லை அம்மிணி," என்றார்.

தம்பி ஓசூருக்குப் போனார். அம்மையார் மலையடிவாரத்திலேயே இருந்தார், முன்போலவே நாலரைக்குப் புறப்பட்டார், முன்போலவே ஊரைப் பார்த்துக்கொண்டு ஏறினார். ராக்கியப்பன் அதன் பிறகு முதுகைப் பற்றிப் பேசவில்லை. கடைத் தேங்காய்களைச் சுவரோரப் படியில் குவிப்பதையும் விட்டுவிட்டான். மழை பெய்த நாளில் மலையேறுகிறவர்கள் இன்றும் அந்த ஓரத்தை மிதிப்பதில்லை. தேங்கிய தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நடுவால் ஏறிப் போகிறார்கள்.

முகம் காட்டி நின்று கேட்கிறவர்கள் நாம். முதுகு காட்டிச் சென்றும் அடையாளம் காணப்பட்ட பாவாத்தாள் அம்மையாரின் பொறுமை வாழ்க. அவரை உட்கார வைத்த அந்தக் கல்லும் வாழ்க.