முள்ளம்பன்றி பேசிய பேரம்

ஒரு காட்டில், ஓடை திரும்பும் மேட்டருகே, ஒரு முள்ளம்பன்றியும் எறும்பு தின்னும் ஓர் அழுங்கும் மழையில் நனைந்தபடி நின்றன. முள்ளம்பன்றி அழுங்கைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அப்போதுதான். அழுங்கின் மூக்கெல்லாம் சேறு அப்பியிருந்தது. வளைக்குள் தலையை நீட்டி ஒரு கணம் காது கொடுத்தது. பிறகு திரும்பி, "ரெண்டு முட்டு போதும்னு நீ கேட்டே. சரின்னு சொன்னது நான்தானே" என்றது. செதில்கள் சுவரில் உரச உள்ளே போய்விட்டது.

அது ஏன் போனது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த முள்ளம்பன்றி பெரிய சிக்கனக்காரன். ஒரு கிழங்கு கிடைத்தால் பாதியைத் தின்னும், மீதியைப் புதைத்து வைக்கும். பல கோடைகள் இப்படிச் சேர்த்து, ஓடைக்கரையில் மூன்று பழைய வளைகளை விலைக்கு வாங்கியது. தான் குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. 'வயதான காலத்தில் தோண்டித் திரிய வேண்டாம், உட்கார்ந்த இடத்துக்குக் கிழங்கு வரும்' என்பது அதன் கணக்கு.

முதல் வளைக்கு ஓர் உடும்பு குடிவந்தது. இரண்டாவதில் ஒரு நண்டுக் குடும்பம். மூன்றாவதில் ஒரு வெள்ளெலி. அது அப்போதுதான் நான்கு குட்டிகள் போட்டிருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் மழைக்கு முன்னால் மதிப்பீட்டாளரை அழைத்துக் காட்ட வேண்டும். வீட்டில் என்ன பழுது, அதற்கு என்ன செய்ய வேண்டும், இடிந்துபோனால் புதிதாகக் கட்ட எவ்வளவு ஆகும் என்று அவர் சொல்வார். கட்டும் செலவில் பத்தில் ஒரு பங்கு கிழங்கை வீட்டுக்காரர் பொதுக் குதிரில் போட வேண்டும். மழையில் வீடு இடிந்தால், மதிப்பீட்டில் சொன்ன அளவு கிழங்கை அந்தக் குதிரிலிருந்து எடுத்துத் தோண்டுகிறவர்களுக்குக் கொடுப்பார்கள்.

மதிப்பீடு சொல்வது அழுங்கின் தொழில். கூலியாக, யாரும் கை வைக்காத ஓர் எறும்புப் புற்றைக் காட்டினால் போதும். ஆனால் வீட்டுக்காரர் மதிப்பீட்டை ஒத்துக்கொண்டால்தான் கூலி. அதனால் அங்கே எல்லோரும் சந்தையில் பேசுவது போல மதிப்பீட்டிலும் பேரம் பேசினார்கள்.

அழுங்கு மூன்று வளைகளையும் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

"முதல் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. மூணாவதுதான் சிக்கல். மேலே நின்ன மருத மரம் பட்டுப்போச்சு, பாத்தியா? அதோட வேர்தான் இந்தக் கூரையைத் தாங்கிட்டு இருந்தது. இப்ப வேர் உளுத்துப்போச்சு. உள்ளே கட்டை வெச்சு நாலு முட்டு கொடுக்கணும். இடிஞ்சா புதுசாக் கட்ட நூத்திருபது கிழங்கு ஆகும்."

"நூத்திருபதா?" முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்துக்கொண்டன. "நான் இதை வாங்கினதே நாப்பதுக்குத்தான், அண்ணே."

"வாங்கினது வேற, கட்டுறது வேற. வித்தவன் ஊரை விட்டுப் போற அவசரத்துல வித்தான். வளை தோண்டுற பெருச்சாளிங்க அவசரப்படாது. தோண்டி முடிக்கிற வரைக்கும் அதுங்க வயித்துக்கு நீதான் போடணும்."

"அதுங்க வயித்துக்குப் போட்டா காடே காலியாயிடும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

முள்ளம்பன்றி வளையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தது. கோடை வெயிலில் காய்ந்த மண், கெட்டியாகச் சத்தம் கொடுத்தது.

"அம்பது" என்றது.

"என்ன அம்பது?"

"அம்பதுன்னு வெச்சுக்குங்க. ரெண்டு முட்டு."

"தம்பி, நான் கிழங்கு விக்க வரலை. மண்ணுக்குள்ள இருக்கிறதைச் சொல்ல வந்தேன்."

"நரி வீட்டுக்கு மரநாய்தான் மதிப்புச் சொன்னான். பாதிதான் சொன்னானாம். ஒரு வாய் தேன் கொடுத்தா என் வீட்டுக்கும் வருவான்."

"மரநாய் மரத்துல தூங்குறவன். அவனுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாதவன் குறைச்சுச் சொல்றான். தெரிஞ்ச நீங்க ஏத்திச் சொல்றீங்க. எனக்கு எது நல்லது, நீங்களே சொல்லுங்க." முள்ளம்பன்றி குரலைத் தாழ்த்தியது. "ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு புத்து இருக்கு. இடுப்பு உயரம். இன்னும் ஒருத்தரும் பாக்கலை."

அந்தக் கோடையில் எறும்புகள் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போய்விட்டிருந்தன. அழுங்கு நல்ல பசியில் இருந்தது. அது முள்ளம்பன்றியைப் பார்த்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தது.

"நூறு. மூணு முட்டு."

"அறுபது. ரெண்டு."

அழுங்கு மூக்கால் மண்ணைக் கிளறிப் பார்த்தது; ஓர் எறும்பும் இல்லை. பிறகு, "சரி" என்றது.

முள்ளம்பன்றிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு முட்டும் ஆறு கிழங்கும் மிச்சம் என்று எண்ணியது. நேரே பொதுக் குதிருக்குக் காவலிருக்கும் ஆமையிடம் போய், மூன்றாவது வளைக்கு ஆறு கிழங்குகளை உருட்டி விட்டது.

"அறுபதா?" என்று ஆமை கேட்டது. "ஓடைக்கரை வீடாச்சே. அழுங்கு ஒரே பேச்சுல சொன்னதா?"

"குதிர்ல கிழங்கு போடணுமா, பதிலும் போடணுமா?" என்றது முள்ளம்பன்றி.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

மழை வந்தது. வந்தது விடவில்லை. ஓடை கரையை நக்கத் தொடங்கியது. ஒரு பிற்பகல், வெள்ளெலி நனைந்த துணி போல முள்ளம்பன்றியின் வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, ரெண்டு முட்டும் முனகுது. கூரையிலேருந்து மண்ணு உதிருது. பிள்ளைங்க இன்னும் கண்ணு தொறக்கலை, இந்த மழையில எங்கே தூக்கிட்டுப் போவேன்? இன்னும் ரெண்டு முட்டு வெச்சுக் கொடுங்க."

"மதிப்பீட்டுல ரெண்டுதாம்மா இருக்கு."

"மதிப்பீட்டுக்கு மழை தெரியுமா, அண்ணே?"

"அழுங்கு சொன்ன கணக்கு. தப்பா இருக்காது" என்றது முள்ளம்பன்றி. அது பொய் சொல்லவில்லை. தான் பேசிக் குறைத்த எண்ணைத் தானே நம்பத் தொடங்கியிருந்தது. ஆனாலும் எலியின் நடுக்கத்தைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. கூடவே கிளம்பிப் போனது.

வளை வாசலில் அழுங்கு முன்னமே நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் கூப்பிடவில்லை.

"கட்டை கொண்டு வா. ரெண்டு. ஓடு" என்றது.

முள்ளம்பன்றி மேட்டில் ஓடிப்போய், விழுந்து கிடந்த ஒரு கிளையைக் கவ்வி இழுத்து வந்தது. அதற்குள் உள்ளே ஒரு முட்டு முறிந்தது. காய்ந்த எலும்பு உடைவது போன்ற சத்தம். அப்போதுதான் அழுங்கு நான் முதலில் சொன்ன அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு உள்ளே போனது.

கூரையை அது முதுகால் தாங்கிக்கொண்டது. வெள்ளெலி உள்ளே ஓடி ஒரு குட்டியைக் கவ்வி வந்து புல்லில் போட்டது. மறுபடி ஓடி இன்னொன்றைக் கொண்டு வந்தது. மூன்றாவதற்காகத் திரும்பியபோது, அதன் மூக்குக்கு முன்னால் மேடு அப்படியே உட்கார்ந்தது. வாசல் இருந்த இடத்தில் வாசல் இல்லை.

வெள்ளெலி கையால் மண்ணைப் பறித்தது. முள்ளம்பன்றியும் பறித்தது. பறிக்கப் பறிக்க மேலிருந்து சேறு வழிந்து குழியை மூடியது.

உடும்பு ஓடிப்போய்ப் பெருச்சாளிகளைக் கூட்டி வந்தது. அவை வரிசையாக வந்து நின்றன. தலைவன் மண்ணை முகர்ந்து பார்த்தான்.

"குதிர்ல எவ்வளவுக்குச் சொல்லியிருக்கீங்க, முதலாளி?"

"அறுபது."

"இது நூத்திருபது கிழங்கு வேலை. அறுபதுக்குப் பாதி தூரம் தோண்டுவோம்."

"உள்ளே உசுரு இருக்குய்யா."

"எங்க வீட்லயும் இருக்கு. ஈரமண்ணுல இறங்கினா பாதிப் பேரு திரும்ப மாட்டான். பேசின கூலிக்குத்தான் இறங்குவான்."

பெருச்சாளிகள் தோண்டின. மண் பின்னால் பறந்தது. கிளையைக் கொடுத்து முட்டு வைத்து வைத்து முன்னேறின. திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. தலைவன் வெளியே வந்து மீசையைத் துடைத்தான்.

"அறுபது முடிஞ்சுது."

உள்ளே மண்ணுக்குப் பின்னாலிருந்து, மிக மெல்ல, ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. வெள்ளெலி முள்ளம்பன்றியைப் பார்த்தது.

"முதல் வளையை எடுத்துக்குங்க" என்றது முள்ளம்பன்றி.

"அது முப்பதுக்குத் தாங்கும்."

"ரெண்டாவதையும் எடுத்துக்குங்க."

தலைவன் முள்ளம்பன்றியை ஏறிட்டுப் பார்த்தான். "நிஜமாவா? கொஞ்சம் குறைச்சுக் கேப்பீங்கன்னு நெனைச்சேன்."

"தோண்டுங்க" என்றது முள்ளம்பன்றி.

அவை மறுபடி இறங்கின. இருட்டுவதற்குள் அழுங்கைக் கண்டுபிடித்தன. அது பந்து போலச் சுருண்டு கிடந்தது. முதுகுச் செதில்கள் நொறுங்கியிருந்தன. இரண்டு பெருச்சாளிகள் சேர்ந்து வாலைப் பிடித்து விரித்தன. அதன் வயிற்றுக்குள் அணைந்தபடி இரண்டு குட்டிகளும் உயிரோடு இருந்தன. அழுங்குக்கு மூச்சில்லை.

வெள்ளெலி தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது. போகும்போது முள்ளம்பன்றியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு வளைகளும் இப்போது பெருச்சாளிகளுடையவை. உடும்பும் நண்டுகளும் வாடகையை அவற்றுக்குத்தான் கொடுக்கின்றன. மூன்றாவது வளை இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கும்.

நீதி: பேரம் பேசி மதிப்பீட்டைக் குறைக்கலாம், செலவைக் குறைக்க முடியாது.